காணிக்கைக்கு முன்னே



வருடாந்தரக் கூட்டத்தில் பொருளாளர் எழுந்து வரவு செலவு அறிக்கை வாசிப்பதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். எந்த மாதத்தில் எவ்வளவு வந்தது, மருந்துக்கு எவ்வளவு போயிற்று, கூரையைப் பழுதுபார்க்க எவ்வளவு ஆயிற்று என்று வரிவரியாகச் சொல்லுவார். அப்படிச் சொல்லாமல், "பணம் வந்தது, செலவாயிற்று, சில குறைகள் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் விடுவோமா? பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து கேள்வி கேட்பார். ஆனால் தேவசமுகத்தில் நம்மில் அநேகர் வருஷக்கணக்காக இப்படிப்பட்ட அறிக்கையைத்தான் வாசித்து வருகிறோம். "ஆண்டவரே, நான் பாவி, என் குறைகளையெல்லாம் மன்னியும்" என்கிறோம். எந்தக் குறை, யாருக்குச் செய்த குறை என்பது மட்டும் அதில் வருவதில்லை.

ஆராதனையில் சபையாகச் சேர்ந்து சொல்லும் பொதுப் பாவ அறிக்கையைக் குறை கூற இதை எழுதவில்லை. அது நல்ல ஒழுங்கு. ஆனால் அது ஒரு கூடையைப் போன்றது. அவரவர் தம்முடையதை அதற்குள் வைக்கவேண்டும். வெறுங்கூடையைக் கொண்டுபோனால் வெறுங்கூடையோடுதான் வீடு திரும்புவோம்.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அறிக்கையிடுதலுக்கு வரும் சொல் "ஹோமோலோகெயோ". "அதையே சொல்லுதல்" என்பது அதன் நேர்ப்பொருள். என் செயலைக் குறித்துத் தேவன் என்ன சொல்லுகிறாரோ அதையே நானும் சொல்லுவது பாவ அறிக்கை. அவர் திருட்டு என்று சொல்லுவதை நான் கைமாற்று என்று சொன்னால் அது அறிக்கை ஆகாது. நம்மிடத்தில் பாவங்களுக்கு நயமான பெயர்கள் ஏராளம். லஞ்சத்துக்கு அன்பளிப்பு என்று பெயர். வரதட்சணைக்கு, "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களாகப் பிரியப்பட்டுச் செய்தார்கள்" என்று பெயர். பகைக்கு, "எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது, அவ்வளவுதான்" என்று பெயர். ஜாதிப் பெருமைக்கோ பெயரே கிடையாது. பெண் பார்க்கும்போது மட்டும் அது தலை காட்டும்.

தாவீது ராஜாவும் இப்படித்தான் ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார். உரியாவின் மரணம் போர்க்களத்தில் நடந்த சாதாரண இழப்பாகவே கணக்கில் எழுதப்பட்டது. நாத்தான் வந்து ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, அந்த மனுஷன் நீர்தான் என்று கைநீட்டிக் காட்டிய பிறகே ராஜா காரியத்தைத் தேவன் சொல்லுகிற பெயரால் சொன்னார் (2 சாமுவேல் 11, 12). அடக்கிவைத்திருந்த நாட்களில் உடம்பே உலர்ந்துபோனது எப்படி என்பதை 32-ம் சங்கீதத்தில் வாசிக்கலாம். ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சங்கீதம் புதிதாக இராது.

அடுத்தபடியாக, அறிக்கைக்கு ஒரு விலாசம் உண்டு. இங்கேதான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். லேவியராகமம் 6-ம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைச் சற்றுப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஒருவன் தன்னிடத்தில் ஒப்புவித்த பொருளை இல்லை என்கிறான், அல்லது அயலானை ஒடுக்கிப் பறிக்கிறான், அல்லது கண்டெடுத்த பொருளை மறைத்துப் பொய்யாணை இடுகிறான். அவன் பொருளை உடையவனிடத்தில் முழுவதும் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும். நூறு ரூபாய் எடுத்தவன் நூற்றிருபது ரூபாய் கொடுக்கவேண்டும். பலிக்குரிய ஆட்டுக்கடாவைப் பற்றிய வசனம் அதற்குப் பின்புதான் வருகிறது. முதலில் அயலான் வீடு, பிறகு ஆலயம்.

கர்த்தராகிய இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதும் இதே வரிசைதான் (மத்தேயு 5:23, 24). பலிபீடத்தண்டையில் நிற்கும்போது சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலாவது போய் ஒப்புரவாகவேண்டும். இதைக் கேட்டவர்கள் கலிலேயாவின் ஜனங்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. பலிபீடமோ எருசலேமில் இருந்தது. கலிலேயாவிலிருந்து அங்கே போக நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். மூன்று நான்கு நாள் பிரயாணம். வரிசையில் நின்று தன் முறை வந்த நேரத்தில் ஊரில் உள்ள சகோதரனுடைய ஞாபகம் வந்தால், கலிலேயன் திரும்பி நடக்கவேண்டும், சமாதானமாகவேண்டும், மறுபடியும் எருசலேமுக்கு ஏறி வரவேண்டும். அநேகமாக ஒரு வாரம் ஆகும். கேட்டவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

இதை நாங்கள் எழுதுவது சற்று விசேஷமான காரியம்தான். உங்கள் காணிக்கையினால் நடக்கிற ஆஸ்பத்திரியின் பத்திரிகை இது. ஆனாலும் மறைக்காமல் சொல்லவேண்டியதைச் சொல்லுகிறோம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் தம்பிக்குச் சேரவேண்டிய பங்கை வைத்துக்கொண்டிருப்பவர், அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மிஷன் ஊழியத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதி தேடவேண்டாம். வீட்டில் வேலை செய்த பெண்ணுக்குக் கொடுக்காமல் விட்ட இரண்டு மாதச் சம்பளம் அந்தப் பெண்ணுக்குத்தான் போகவேண்டும். நன்கொடைப் பெட்டிக்கு அல்ல. சகேயு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னான் (லூக்கா 19:8). தர்மம் ஒரு கணக்கு, கடன் ஒரு கணக்கு. ஒன்றில் வைத்து மற்றொன்றைக் கழிக்க அவன் முயலவில்லை. வரி வசூலித்தவனுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்!

இது வேதகாலத்தோடு நின்றுபோன காரியம் அல்ல. ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன்பு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் வளாகத்திலேயே நடந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் நடுவே ருவாண்டா என்ற சிறு நாடு உண்டு. அங்கே முஹாசி ஏரியின் அருகில் கஹினி என்ற ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1928-ல் டாக்டர் ஜோ சர்ச் என்ற இங்கிலாந்து தேசத்து வைத்தியர் அங்கே வேலைக்கு வந்தார். வந்தவுடனே கொடிய பஞ்சம். சோர்ந்துபோன நிலையில் 1929-ல் உகாண்டாவின் கம்பாலா நகருக்குப் போனவர், சிமியோனி என்சிபாம்பி என்ற உகாண்டா தேசத்து விசுவாசியைச் சந்தித்தார். இருவரும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பரிசுத்த ஆவியானவரைக் குறித்த பகுதிகளை ஒன்றாக ஆராய்ந்தார்கள். ஒரு வெள்ளைக்கார வைத்தியரும் ஒரு ஆப்பிரிக்கரும் அப்படிச் சமமாக உட்கார்ந்து வேதம் படிப்பது அந்தக் காலத்தில் சாதாரணம் அல்ல.

கஹினி ஆஸ்பத்திரியில் யோசியா கினுகா என்ற தலைமை உதவியாளர் இருந்தார். ஊழியர்கள் சரியில்லை, வேலை சரியில்லை, வைத்தியர் சரியில்லை என்று அவருக்கு மனக்குறை. அவரும் கம்பாலாவுக்குப் போய் என்சிபாம்பியைச் சந்தித்தார். ஆஸ்பத்திரி எப்படி நடக்கிறது என்று கேட்டதும் குறைகளை அடுக்கினார். அந்தப் பெரியவரோ, குறை முதலாவது உன் இருதயத்திலேயே இருக்கிறது, உன் கீழ் இருப்பவர்கள் உன்னைப் போலவே இருக்கிறார்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார். யோசியாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் ஊர் திரும்பும் வழியில் அது உண்மை என்று உணர்ந்து தம்மை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். பிற்காலத்தில் அவர் ஒரு போதகராகவே ஆனார்.

1933 டிசம்பர் கடைசியில் கஹினியில் நடந்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து தம் பாவத்தைச் சொல்ல, ஒருவர் பின் ஒருவராக ஜனங்கள் எழுந்து அறிக்கையிட்டார்கள். பேச்சோடு அது நிற்கவில்லை. திருடிய பொருள்கள் உரியவர்களிடம் திரும்பின. பழைய கடன்கள் கட்டப்பட்டன. கணவர்கள் மனைவிகளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். வெள்ளைக்கார மிஷனெரிகள் தங்கள் கீழ் வேலை செய்த ஆப்பிரிக்கரிடம் போய்த் தங்கள் கோபத்துக்காகவும் இனப் பெருமைக்காகவும் மன்னிப்புக் கேட்டார்கள். அங்கிருந்து அந்த எழுப்புதல் உகாண்டா, கென்யா, அந்நாளில் தங்கனீக்கா எனப்பட்ட தான்சானியா என்று பரவிற்று. "வெளிச்சத்திலே நடத்தல்" என்பது அவர்களுக்குள் வழங்கின வார்த்தை. 1 யோவான் முதல் அதிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பாவம் தெரிந்த உடனே அதை அறிக்கையிட்டு, உரியவரிடம் சரிசெய்து, மேலே நடப்பது என்று அதற்குப் பொருள்.

அந்த எழுப்புதலில் குறைகளும் உண்டு. சபை நடுவில் சொல்லத் தகாத அந்தரங்கக் காரியங்களைச் சிலர் சொன்னார்கள். அறிக்கையிடாதவர்களை அறிக்கையிட்டவர்கள் நியாயந்தீர்க்கவும் செய்தார்கள். பாவம் எவ்வளவு தூரம் போயிற்றோ அவ்வளவு தூரமே அறிக்கையும் போகவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லுவது இதனால்தான். மனதுக்குள் நினைத்ததைத் தேவனிடத்தில் சொன்னால் போதும். உன்னைக் குறித்து இத்தனை நாள் பொறாமைப்பட்டேன் என்று ஒன்றும் அறியாத ஒருவரிடம் போய்ச் சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுப்பது யாருக்கும் நன்மையல்ல. ஒருவருக்குச் செய்த தீங்கை அவரிடத்திலும், சபையறியச் செய்ததைச் சபையறியவும் சொல்லவேண்டும்.

ருவாண்டாவின் பெயரைச் சொன்னவுடன் 1994-ம் வருஷம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஏப்ரல் தொடங்கி ஏறக்குறைய நூறு நாட்களில், எட்டு லட்சம் பேர் என்று பலரும் கணக்கிடும் அளவுக்கு ஜனங்கள் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் துத்சி இனத்தார்; கொலைக்கு உடன்படாத ஹூத்துக்களும் அதில் உண்டு. ஆலயங்களுக்குள் அடைக்கலம் புகுந்தவர்கள் ஆலயங்களிலேயே வெட்டப்பட்டார்கள். எழுப்புதல் கண்ட தேசம் இது. இதற்குக் காரணங்கள் பல. அரசியலும் காலனி ஆட்சியும் விதைத்தவை அவற்றில் பெரியவை. ஆனாலும் அந்நாட்டுச் சபைத் தலைவர்களில் சிலரே பிற்பாடு ஒப்புக்கொண்ட ஒரு காரணம் நம் பொருளுக்கு நெருக்கமானது. குடி, களவு, விபசாரம் எல்லாம் அறிக்கையிடப்பட்ட சபையில், இனப்பகை பாவம் என்ற பெயரில் வாய்விட்டுச் சொல்லப்படாமலே தங்கிவிட்டது. நாம் ஜாதியைப் பற்றி மேலே சொன்ன வரியை மறுபடியும் ஒருமுறை வாசிக்கலாம்.

கொலைக்குப் பிறகு சிறைகள் நிரம்பி வழிந்தன. வழக்கமான நீதிமன்றங்களால் தாங்க முடியவில்லை. ஆகவே "ககாச்சா" எனப்படும் ஊர்ப் பஞ்சாயத்து முறையை அரசாங்கம் சட்டமாக்கிற்று. 2005 முதல் 2012 வரை தேசமெங்கும் அது நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை குறையும். ஆனால் எப்படிப்பட்ட ஒப்புதல் என்பதைச் சட்டம் விவரமாகவே சொல்லிற்று. எதை, எங்கே, எப்போது, யாருக்குச் செய்தாய், கூட இருந்தவர்கள் யார், சடலத்தை எங்கே போட்டாய் என்று எல்லாவற்றையும் சொல்லவேண்டும், மன்னிப்பும் கேட்கவேண்டும். கணவனையும் பிள்ளைகளையும் இழந்த தாய்மார்களுக்கு எல்லாவற்றிலும் பெரிதாயிருந்தது அந்தக் கடைசி விவரம்தான். அடக்கம் பண்ணுவதற்கு எலும்புகளாவது வேண்டுமே! "பொதுவாக நான் தவறு செய்தேன்" என்ற அறிக்கையினால் ஒரு எலும்பைக்கூடத் தோண்டி எடுக்க முடியாது. தண்டனைக் குறைவுக்காக மட்டும் ஒப்புக்கொண்டவர்களும், பொய் சொன்னவர்களும், பஞ்சாயத்தில் பாரபட்சம் காட்டியவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

மன்னிக்கிறவருடைய பக்கத்திலிருந்தும் இதைப் பார்ப்போம். மத்தேயு 18-ல் வரும் கடன்கார ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கொடுக்கவேண்டியிருந்தது. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆகவே அவன் பட்ட கடன் ஆறு கோடி நாள் கூலி. உடன் வேலைக்காரன் இவனுக்குத் தரவேண்டியது நூறு நாள் கூலி. பிரசங்கங்களில் இந்த நூறை ஒன்றுமில்லாத சில்லறை போலச் சொல்லிவிடுகிறோம். கூலி வேலை செய்கிற குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள், நூறு நாள் கூலி எவ்வளவு பெரிய பணம் என்று. கர்த்தர் அந்தத் தொகையைக் குறைத்துச் சொல்லவில்லை. நமக்குச் செய்யப்பட்ட தீங்கு மெய்யான தீங்கு. வலி மெய்யான வலி. அதைவிட ஆறு லட்சம் மடங்கு நமக்கு விடப்பட்டிருக்கிறது என்பதுதான் உவமையின் பாரம்.

ஆகையால் மன்னிப்பது என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லுவது அல்ல. உகாண்டாவில் 1977 பிப்ரவரியில் அதிபர் இடி அமினுடைய ஆட்சியில் பேராயர் ஜனானி லுவும் கொல்லப்பட்டார். அவருடைய நண்பரான பிஷப் ஃபெஸ்டோ கிவெஞ்சரே, முன் சொன்ன எழுப்புதலின் பிள்ளை. தம் மனைவியோடு மலைகளைக் கடந்து ருவாண்டாவுக்குத் தப்பினார். அந்த வருஷம் பெரிய வெள்ளியன்று லண்டனில் ஒரு ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அமினைக் குறித்த கசப்பு தம் இருதயத்தை இறுக்கியிருப்பதை உணர்ந்து, அங்கேயே அதை அறிக்கையிட்டு மன்னித்தார். அதே வருஷம் "ஐ லவ் இடி அமின்" என்ற பெயரில் அவருடைய சிறு புத்தகம் வெளிவந்தது. ஆனால் அந்த ஆட்சியின் கொலைகளை உலகத்துக்கு எடுத்துச் சொல்லுவதை அவர் நிறுத்தவில்லை. மன்னித்ததும் மறைத்ததும் அவருக்கு ஒன்றாகத் தோன்றவில்லை.

நம் குடும்பங்களில் இதை நன்றாய் அறிந்துகொள்ளவேண்டும். அடிபட்டு வரும் மனைவியிடம், "மன்னித்துவிட்டுத் திரும்பிப் போ, அதுதான் கிறிஸ்தவம்" என்று சொல்லி அனுப்புகிற மூப்பர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறான ஆலோசனை. அவளுக்கு முதலில் வேண்டியது சிகிச்சையும் பாதுகாப்பும். 2005-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று அதற்காகவே இருக்கிறது. பிள்ளைக்கு நேரிட்ட பாலியல் கொடுமையானால், 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின்படி அறிந்தவர் எவரும் புகார் செய்தே ஆகவேண்டும். "மன்னித்துவிட்டோம்" என்று சபை அதை மூடி வைத்தால் சட்டத்தின் முன்பாகவும் குற்றம், அந்தப் பிள்ளையின் தேவனுக்கு முன்பாகவும் குற்றம்.

பாவத்தை மேற்கொள்ளுவது எப்படி என்று அநேகர் கடிதங்களில் கேட்கிறார்கள். எபேசியர் 4:28-ல் பவுல் திருடனுக்குச் சொல்லும் புத்தியைப் பாருங்கள். திருடுவதை நிறுத்து என்பதோடு அவர் முடிக்கவில்லை. கைகளால் பாடுபடச் சொல்லுகிறார், எதற்கு? இல்லாதவனுக்குக் கொடுப்பதற்கு. எடுத்த கை கொடுக்கிற கையாக மாறும்போதுதான் அந்தப் பாவத்துக்கு வீட்டில் இடம் இல்லாமற்போகிறது. வெறுமனே நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கிற கை பழைய வேலைக்கே திரும்பும்.

குடிப்பழக்கத்தைக் குறித்து மட்டும் வைத்தியர்கள் சார்பில் ஒரு வார்த்தை. பல வருஷம் தினமும் குடித்தவர், ஜெபக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து அன்றே நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கைநடுக்கமும், சிலருக்கு வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். உயிருக்கே ஆபத்து உண்டு. அதை விசுவாசக் குறைவு என்றோ பிசாசின் தாக்குதல் என்றோ எண்ணி வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். தீர்மானமும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய குடிநோயாளர் கூட்டுறவு, தான் தீங்கு செய்தவர்களின் பட்டியலை ஒவ்வொருவரும் எழுதி, கூடுமானவரை நேரில் சரிசெய்யும்படி சொல்லுகிறது. அதனால் அவர்களுக்கே கேடு வருமானால் செய்யவேண்டாம் என்றும் சொல்லுகிறது. லேவியராகமத்துக்கு அது தூரத்து உறவு.

இதற்கு நேர்மாறான ஒரு கூட்டமும் உண்டு. செய்த சிறு பிழையைப் பத்து முறை, நூறு முறை அறிக்கையிட்டும் சமாதானம் கிடைக்காமல் தவிக்கிற ஆத்துமாக்கள் அவர்கள். மார்ட்டின் லூத்தர் மடத்தில் இருந்த நாட்களில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்து, அறையைவிட்டு வந்ததும் விட்டுப்போனதை நினைத்து மறுபடியும் ஓடுவாராம். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. அவருக்கு 1 யோவான் 1:9 ஒருமுறை போதும். அப்போதும் தீராவிட்டால் அது மனநோயின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. வெட்கப்படாமல் வைத்தியரைப் பார்க்கவேண்டும்.

கடைசியாக அடிக்கடி வரும் ஒரு கேள்வி. தீங்கு செய்யப்பட்டவர் இறந்துபோய்விட்டால் என்ன செய்வது? எண்ணாகமம் 5:8-ல் இதற்கும் வழி எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய நெருங்கிய உறவினரிடத்தில் கொடுக்கவேண்டும். மனைவியோ பிள்ளையோ தம்பி மகனோ யாராவது இருப்பார்கள்; சற்று விசாரித்தால் ஊரும் விலாசமும் கிடைக்கும். வாங்கிக்கொள்ள ஒருவருமே இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனிடத்தில் கர்த்தருக்கென்று சேரும். எங்கள் ரசீதுப் புத்தகம் அந்த வரிசையில் மூன்றாவதாக இருக்கிறது. அதுவரை அது மேசையறையில் காத்திருக்கும்.